ஒரு வாரம் தள்ளிச் சொன்ன ஏலம்

ஏப்ரல் 9, 1994. சனி.

பனி உருகி முற்றமெல்லாம் சேறு. காலையிலிருந்து ஒஸ்தாப் பெரியப்பாவின் கொட்டகைகளிலிருந்து சாமான்களை இழுத்து வெளியே போடுகிறேன். ஒரு மனுஷன் இத்தனை வேலையா பார்ப்பான்? ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தபோது காலில் கட்டிய மெத்தைகள். ஊர்க் கூடத்தில் படம் ஓட்டிய புரொஜெக்டர். தேன்பெட்டிகள். கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கும் கவைக்கொம்பு. குளிர்காலத்தில் சமையலறையில் போட்டு ஊர் ஆண்களுக்கெல்லாம் முடி வெட்டிய இரும்பு நாற்காலி. கல்யாணம் ஒன்றுதான் செய்துகொள்ளவில்லை. இதற்கு நடுவில் கோதுமையை எப்போது விதைத்தார்? விதைத்தார், எண்பத்தாறு வயதுவரை. போன நவம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. இப்போது முதியோர் இல்லத்தில்.

எல்லாத்தையும் வித்துடு என்று அவரே சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை ஏலம்.

ஏப்ரல் 10

போய்ப் பார்த்தேன். ஏலம் என்றைக்கு என்று கேட்டார். இருபத்துமூன்றாம் தேதி என்றேன். வாய் தவறி வந்ததில்லை. வண்டியில் போகும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

அவரை வைத்துக்கொண்டு எதையும் விற்க முடியாது. ஒருமுறை குதிரை வாங்க வந்தவனிடம், அது கடிக்கும், உதைக்கும், இடி இடித்தால் ஓடிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வழியனுப்பியவர். இந்தச் சமாதானம் எனக்கு நானே சொல்லிக்கொள்வது. நிஜம் வேறு. தன் சாமான் போவதைப் பார்த்து ஊர் நடுவில் அழுவார், நான் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு அது அவமானம்.

சாலையெல்லாம் ஏல நோட்டீஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். ஆனால் இல்லம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்?

ஏப்ரல் 16

பக்கத்து நிலத்து நெஸ்தர் சொன்னார். அதுவும் நல்லெண்ணத்தில். எனக்கு இன்று நேரம் இருக்காது என்று அவரே போய்க் கூட்டி வந்துவிட்டார். பெரியப்பா டை கட்டி, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மாதாகோயில் பெண்கள் பிரோகிக் கொழுக்கட்டை பரிமாறிக்கொண்டிருந்த இடத்தில், எல்லோர் எதிரிலும் நெஸ்தர் கேட்டார்.

"என்ன ஓரெஸ்ட், பெரியப்பாகிட்ட என்னத்தச் சொன்ன? அடுத்த வாரம்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

நான் கொழுக்கட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் சரியாத்தான் சொன்னான்," என்றார் பெரியப்பா. "எனக்குத்தான் இப்பல்லாம் நாளு கெழம நிக்க மாட்டேங்குது."

என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது, குழந்தையைப் பார்ப்பது மாதிரி. நான் பேசாமல் நின்றேன். மரம் மாதிரி நின்றேன்!

அழவும் இல்லை அவர். டிராக்டர் ஏலத்தில் வந்தபோது, மூன்றாவது கியர் துள்ளும் என்று உரக்கச் சொன்னார். கேட்டவன் சிரித்துக்கொண்டே இன்னும் ஏற்றிக் கேட்டான்.

பிறகு முடிவெட்டும் நாற்காலி. பெரியப்பா கை தூக்கினார். வேறொரு கை எழவில்லை. முப்பதுகளின் பஞ்சத்தில் தாத்தாவின் பசுவையும் கலப்பையையும் வங்கி ஏலம் விட்டபோது, ஊரே வந்து நின்று ஒருவர்கூட விலை கேட்காமல், அவரையே அற்பக் காசுக்குத் திரும்ப எடுக்க விட்டார்களாம். இங்கே அது யாருக்கும் மறக்கவில்லை. ஏலக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு டாலருக்கு முடித்தார். இல்லத்தில் இது எதற்கு என்று நெஸ்தர் கேட்டார். அங்கே இருப்பவர்களுக்குக் காதிலெல்லாம் முடி முளைத்துக் கிடக்கிறதாம்.

ஏப்ரல் 19

காபிக் கடைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஏப்ரல் 27

இல்லத்துத் தலைமை நர்ஸ் வெரோனா போன் செய்தாள். ஏலத்தன்று நடந்தது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. கேட்டதற்கு, ஆமாம், நாள் மறந்துபோகிறது என்று அவரும் ஒப்புக்கொண்டாராம். முடி வெட்டும் கத்தரிக்கோலை அவரிடமிருந்து பிடுங்கி வைத்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பார்த்ததும், நினைவு தப்பியவர்களை வைக்கும் பூட்டுப் போட்ட பகுதிக்கு மாற்றுவார்கள். அங்கே போனால் வெளியே வர முடியாது.

"நீங்களும் கவனிச்சிருப்பீங்களே?" என்றாள்.

கொஞ்சம் என்றேன். கொஞ்சமாம்! இந்த நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்.

ஏப்ரல் 28

போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு இனிமே பேரு எதுக்குடா? நீ இந்த ஊர்லதான் இன்னும் வெதைக்கணும், அறுக்கணும். உன் அறுப்பு மெஷின் பழுதானா நாலு பேரு வரணும். பொய்யன்னு பேரு வாங்கினா எவன் வருவான்?"

பூட்டிவிடுவார்களே என்றேன். அங்கேயும் ஜன்னல் இருக்கிறதாம் என்றார். பேசாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வந்தேன். வழியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவரே சொல்லிவிட்டாரே என்று. தூ! நானும் ஒரு மனுஷன்.

ஏப்ரல் 29

வெரோனாவிடமும் டாக்டரிடமும் சொன்னேன். தேதி மறந்தது அவரில்லை, நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன் என்று. வெரோனா இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். டாக்டர் பெரியப்பாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, பூட்டெல்லாம் வேண்டாம், இந்த ஆள் என்னைவிடத் தெளிவு என்று எழுந்துவிட்டார்.

அங்கிருந்து நேரே காபிக் கடை. உட்காராமலே சொன்னேன். நெஸ்தர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மே 3

விதைப்பு தொடங்கிவிட்டேன். எதிரே வந்த நெஸ்தர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல்கூடத் தூக்கவில்லை. இந்தச் சாலையில் முன்பின் தெரியாதவனுக்கும் விரல் தூக்கி வணக்கம் சொல்வார்கள்.

மே 14

மழை. யாருக்கும் வயல் வேலை இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு காபிக் கடைக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். நெஸ்தர் வந்தார், கூடவே பெரியப்பா. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கண்ணே," நெஸ்தர் சீண்டினார், "இன்னைக்கு என்ன கெழம?"

"இவனக் கேளு," பெரியப்பா என்னைக் காட்டினார். "கேட்டுட்டு, ஒரு வாரம் முன்னாடியே வந்துரு."

மேசை தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது சுட. நான் சாகும்வரை இந்த ஊர் இதைச் சொல்லும். காபிக்கு யார் காசு கொடுப்பது என்று உருட்டும் பகடைக் குவளையை, நெஸ்தர் என் முகத்தைப் பார்க்காமலே என் பக்கம் தள்ளினார்.