மூலையில் வைத்த சந்தனம்

14 செப்டம்பர் 1962, வெள்ளி

டாக்டரின் பழைய திறந்த கார் இன்று தயாராகிவிட்டது. மாமாவின் பட்டறையில் நான்கு மாத வேலை. முன்கண்ணாடியைச் சுற்றிக் குரோமியப் பட்டை பொருத்துவது மட்டும்தான் மிச்சம் இருந்தது. மெக்கானிக் செல்வம் அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் நானே அதைச் செய்ய ஆரம்பித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. யூனிவர்சிட்டியில் படிக்கும் என் கைக்கும் ஒரு வேலை தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது.

அண்ணன் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். கடைசி மூலையில் எனக்குப் பொறுமை போயிற்று. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். கண்ணாடியில் முடியளவு விரிசல் விழுந்தது. அதன் மேலேயே பட்டையை மூடிவிட்டேன்.

"யூனிவர்சிட்டி கை, பரவாயில்ல லா!" என்று மாமா என் முதுகில் தட்டினார். சிரித்தேன்.

மாலையில் காருக்குப் பூசை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்த செல்வம் அண்ணனின் கை அந்த மூலையில் நின்றது. விரிசலின் நுனி பட்டைக்கு வெளியே வந்திருந்தது. நடுவில் வைக்க வேண்டிய சந்தனத்தை அவர் அங்கே வைத்தார்.

"என்னப்பா, சாமிக்கு மூலையிலயா இடம்?" என்றார் மாமா.

"அங்கதான் சாமி வேணும், முதலாளி."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பட்டறையைப் பூட்டும்போதுதான் என்னிடம் பேசினார்.

"டாக்டர் நாளைக்குப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு பாலம் தாண்டி ஜொகூர் போறாராம். எட்டு மணிக்கு வருவாரு. சாவிய நீங்களே குடுங்க தம்பி."

சாவி இப்போது என் மேசை மேல் இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டியதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் கண்ணாடி தானாகவே விரிசல் விட்டிருந்தது.