டீச்சர் வைக்காத பொன்

ஞாயிறு 12. மதியம் முழுக்க மழை.

இருந்தவர்கள்: நான். கிரேஸ் டீச்சர். மாடி அறைச் சாவி வைத்திருக்கும் பூக்கடை முனியாண்டி. லோரி ஓட்டி ஓய்ந்த ஆ செங். கிள்ளானிலிருந்து என்னைக் காரில் கொண்டுவந்த மகள் வசந்தா. இவள் ஒருநாளும் மாடியேறியதில்லை. இன்று மூலை நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எழுதி வைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை மாடி. ஷோகி. ஜப்பான்காரர் சதுரங்கம். ராஜா, தேர், குதிரையோடு பொன், வெள்ளி என்றும் காய்கள் உண்டு. சுபாங் ஜெயாவில் ஒரு ஜப்பான்காரர் வீட்டில் பதினோரு வருடம் சமைத்தபோது பார்த்தே பிடித்துக்கொண்டது. இதில் வெட்டிய காய் செத்துப் போகாது. வெட்டியவர் கைக்கு வரும், வேண்டும்போது தன் ஆளாகத் திரும்ப இறக்கலாம்.

டீச்சர் பலசாலி. என்னோடு ஆடும்போது தன் தேரை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஆடுவார். இரண்டு வருடமாக அந்தத் தேர் பெட்டிக்குள். அறைச் சட்டம்: நான் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஜெயித்தால் தேர் பலகைக்கு வரும். அப்புறம் சமம்.

இன்று மூன்றாவது. ஜெயித்தேன்.

முனியாண்டி: "இனிமே நாங்கதான் அஞ்சலைக்காகிட்ட தேர் குடுங்கன்னு கெஞ்சணும் போல!"

ஆ செங்: "ஆன்டி, பவர் லா!"

ஆட்டம் முடிந்ததும் முதலிலிருந்து திரும்ப அடுக்கி, எங்கே தப்பு என்று இருவரும் பேசுவது வழக்கம். டீச்சர், "இன்னைக்கு வேணாங்க்கா, மழ விட்டுருக்கு, கெளம்புங்க" என்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

திங்கள் 13. நல்ல வெயில். கால் வீக்கம்.

பிரஷர் மாத்திரை. பாசாரில் மீன். ஷோகி புதிர்ப் புத்தகத்தில் தினப்படி ஆறு புதிர். (புத்தகம் முழுக்கப் படம்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்குத் தோது.)

இன்று புதிர் போடவில்லை. நேற்றைய ஆட்டத்தை அடுக்கினேன். எனக்கு எதுவும் மறக்காது. என் கல்யாணப் பந்தியில் யார் இலைக்கு அப்பளம் வரவில்லை என்பதுகூட.

டீச்சரின் நாற்பத்தோராவது மூவ். என் ராஜா மூலையில். டீச்சரின் வெள்ளி பக்கத்தில் காவல். என்னிடம் வெட்டிய பொன் அவர் கையில். ராஜாவின் தலைக்கு நேரே அந்தப் பொன்னை இறக்கினால் தீர்ந்தது. புத்தகத்தின் முதல் பக்கமே இதுதான். டீச்சர் என்ன செய்தார்? ஓரத்துக் காலாளை ஒரு கட்டம் தள்ளினார்.

கண் தவறியதல்ல. வேண்டுமென்றே.

ஜெயிக்கிற அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. அது தனி வெட்கம். மீன் கருகிவிட்டது.

செவ்வாய் 14. மேகமூட்டம். முந்தின இரண்டு ஞாயிறு ஆட்டங்களையும் அடுக்கினேன். இரண்டு முறை. சுத்தம். அவை என்னுடையவை.

புதன் 15. கொமுட்டர் ரயிலில் டீச்சர் வீட்டுக்கு. செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றேன்.

"நாப்பத்தோராவது மூவ். பொன்ன ஏன் வைக்கல?"

"மொத உள்ள வாங்கக்கா, மைலோ கலக்குறேன்."

"பொன்ன ஏன் வைக்கல?"

டீச்சர் தரையைப் பார்த்தார். "வசந்தா போன் பண்ணுச்சு. தோத்தா அம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்குது, பிரஷர் ஏறுது, ஒரே ஒரு தடவ விட்டுக்குடுங்க டீச்சர்னு அழுவுச்சுக்கா."

"பள்ளிக்கூடத்துல அழுவுற பிள்ளைக்கெல்லாம் மார்க் போட்டீங்களா?"

"போட்டதில்ல."

"அப்ப நான் என்ன, பிள்ளையிலயும் கேடா?"

மைலோ குடிக்காமல் வந்தேன்.

சாயங்காலம் வசந்தாவைக் கேட்டேன். அவளுக்குப் பயமில்லை, வெட்கமில்லை. "ஒரு கேம்தானம்மா! அதுக்குப் போயி டீச்சர் வீட்டு வாசல்ல சண்டையா? ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

கேம்தானாம். இவளுக்கு டிகிரி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. நான்தான் தினம் தூசி தட்டுகிறேன். எனக்கென்று ஒரு ஜெயம் வரப்பார்த்தது. அதைப் பிச்சையாக்கிவிட்டாள்.

இரவு சாப்பிடவில்லை. தோற்றதால் அல்ல. எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு 19. புகைமூட்டம், தொண்டை கரகர. தனியாக ரயிலில் போனேன்.

டீச்சர் தேரைப் பலகையில் வைத்துக் காத்திருந்தார். நானே எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

"மூணாவது ஆட்டம் இன்னும் ஆடல டீச்சர். இன்னைக்குத்தான் ஆடப்போறோம்."

ஆ செங்: "அலாமா ஆன்டி! ஜெயிச்சத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஈவிரக்கம் இல்லாமல் ஆடினார். கடைசியில் என் ராஜாவின் தலைக்கு நேரே பொன். டக்கென்று அறைந்து வைத்தார், முனியாண்டி திரும்பிப் பார்த்தான். இரண்டு வருடமாக அந்தக் கை எனக்காக இப்படி இறங்கியதில்லை.

தோற்றேன். திரும்ப அடுக்கி ஒரு மணி நேரம் பேசினோம். என் இருபத்திரண்டாவது மூவ் அசட்டுத்தனம். அங்கேயே குதிரையை ஏற்றியிருக்க வேண்டும். இனி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எண்ணுவேன்.

கீழே பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தோசை மூன்று, வடை ஒன்று. டீச்சர் வாங்கிக் கொடுத்த மைலோ. குடித்தேன்.

கிள்ளான் ஸ்டேஷனில் வசந்தா காரோடு. "என்னம்மா, ஜெயிச்சியா?"

"தோத்தேன். மூணு தோச தின்னேன். போயி ஒன் டாக்டர்கிட்ட சொல்லு."

பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கிரேஸ் டீச்சரை மன்னித்தாயிற்று, பொன்னை வைத்துவிட்டார். முனியாண்டி, ஆ செங் மேல் குற்றமில்லை. என் பிழைக்கு நானே புதிர் பத்துப் போட்டுத் தீர்த்துக்கொள்வேன்.

மன்னிக்க மாட்டாத பேர் ஒன்றுதான். வசந்தா.