நெட்டை பே, குட்டை பே

ஒருரோ,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணன் அப்தோனுக்கு, அல்லது இதைத் திறந்து படிக்கும் முகம் தெரியாத உங்களுக்கு,

தங்கை நியேவெஸ் எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்பாவுக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை லா பாஸில் அறுவைச் சிகிச்சை. அதற்கு முன் உன்னை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். வீட்டுப் பக்கமே வராதே என்று உன்னை விரட்டிய அதே வாய்தான்!

நீ எல்லை தாண்டி இக்கிக்கே நகருக்குப் போன பிறகு உன் பழைய தொலைபேசி எண் செத்துப்போய்விட்டது. போன கார்னிவல் சமயத்தில் நம் ஞானத்தாய் எவுலோகியாவின் கடைக்குத் தொலைபேசியில் பேசி மின்னஞ்சல் முகவரி சொன்னாயே, அதற்குத்தான் இத்தனை மாதமும் எழுதினோம். அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முகவரியில் பிஸ்காச்சா என்று நீ வைத்திருப்பதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாறை மேல வெயில் காயுற பிஸ்காச்சா முயல் மாதிரி எந்நேரமும் தூங்குறானேன்னு நான் வெச்ச பேருடி. இன்னும் வெச்சிருக்கானா கழுதை!" என்றார்.

பதில் மட்டும் வரவில்லை. "எல்லாம் படிச்சிட்டுத்தான் இருக்கான். என்னை மன்னிக்க மனசில்லை" என்று சொல்லி, இப்போதெல்லாம் சாப்பாட்டைக்கூடப் பாதியில் வைத்துவிடுகிறார். பார்க்கச் சகிக்கவில்லை அண்ணா.

நேற்று இணையக் கடை மார்லேனிடம் அழாத குறையாகச் சொன்னேன். முகவரியைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: "உங்கண்ணன் நெட்டை 'பே' போட்டானா, குட்டை 'பே' போட்டானா?"

அட ஆமாம்! பிஸ்காச்சாவின் முதல் எழுத்து நெட்டை b-யா, குட்டை v-யா? ஸ்பானிய மொழியில் இரண்டையும் நம் வாய் ஒரே 'பே' என்றுதானே சொல்கிறது. ஞானத்தாய் நெட்டையை எழுதியிருக்கிறாள். கேட்டால், "அவன் பேன்னான், நானும் பேன்னு எழுதினேன். எந்த பேன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்று என் மேலேயே பாய்கிறாள். அகராதிப்படி குட்டைதான் சரி. ஆனால் உன் எழுத்தின் லட்சணம் எனக்குத் தெரியாதா!

இல்லாத முகவரி என்றால் கடிதம் திரும்பிவிடுமாம். அதைக் காட்ட மார்லேன் வாய்க்கு வந்த ஒரு பெயருக்கு அனுப்பினாள். உடனே 'அப்படி யாரும் இல்லை' என்று வந்து விழுந்தது. பிறகு நெட்டைக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று அனுப்பினாள். இரண்டும் திரும்பவில்லை. "ரெண்டுமே உசிரோட இருக்கு, போய்ச் சேரும். யார் கைக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதே" என்றாள். அதனால் இந்தக் கடிதத்தை இரண்டுக்கும் அனுப்புகிறேன்.

அண்ணா, நீதான் என்றால் கிளம்பி வா. ரோஷத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நெட்டை 'பே'க்காரரே, நீங்கள் வேறு யாரோ என்றால், எங்கள் வீட்டுச் சண்டையையெல்லாம் உங்களைப் படிக்க வைத்ததற்கு மன்னியுங்கள். எங்கள் ஊர்ச் சுரங்கத்து மாதா உங்களைப் பெற்றவர்களை நன்றாக வைத்திருக்கட்டும். 'நான் அவன் இல்லை' என்று ஒரே ஒரு வரி, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். தன் பிள்ளை கல்நெஞ்சன் இல்லை, கடிதமே அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொண்டு என் அப்பா அந்த அறுவைச் சிகிச்சை மேசையில் படுக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
நியேவெஸ்