சயான் வரை வருகிறவன்

ஜூலை 6, திங்கள்
விடாத மழை. குடையில் ஒரு கம்பி போச்சு. ஃபோர்ட்டில் ஆபீஸ் படி ஏறும்போதே புடவை முழங்கால் வரை ஈரம்.

வக்கீல் டைப் அடிக்கக் கொடுத்த ஆங்கிலக் கடிதத்தில் ‘பர்ஸ்யூ’ என்ற சொல் மூன்று இடத்தில். எதிராளியை விடமாட்டோம் என்ற மிரட்டல். ஒரே சொல் எதற்கு இத்தனை தரம் என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு எப்போது வந்தது.

மாலையில் அவன். அதே கட்டம் போட்ட சட்டை. காலையில் மாட்டுங்கா பிளாட்பாரத்தில் வண்டி ஏறுகிறவன், மாலையில் அங்கே இறங்காமல் அடுத்த ஸ்டேஷன் சயான் வரை வருகிறான். பிறகு தாராவிக்குள், எங்கள் தெருமுனை வரை, என் பின்னால். பேசுவதில்லை. தொண்டையைச் செருமுவான். கேட்டதும் நடையைக் கூட்டுவேன்.

வீட்டில் சொன்னால் அன்றோடு வேலை போச்சு. எதிர்வீட்டுச் சொர்ணத்தைப் பார்த்து எவனோ விசிலடித்தான்; அவளை மில் வேலையிலிருந்து நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிட்டார்கள். விசிலடித்தவன் இன்னும் விசிலடிக்கிறான்.

ஜூலை 7, செவ்வாய்
சோப்பு, நீல நூல், அம்மாவுக்குத் தைலம்.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸின் பெரிய அகராதி. பர்ஸ்யூ: பிடிக்கவோ கொல்லவோ துரத்துவது. படிப்பு, தொழிலைத் தொடர்வது. வழக்குத் தொடுப்பது. ஒருவருடன் துணையாகப் போவது (இப்போது புழக்கத்தில் இல்லையாம்). லத்தீன் வேர், பிரெஞ்சு வழியாக வந்தது. கோர்ட்டில் குற்றம் சாட்டுவதற்கான சொல்லும் அதே வேர். ஆளை விடாமல் கொடுமை செய்வதற்கான சொல்லும் அதற்கு உறவு. நல்ல குடும்பம்.

ஒன்று பிடித்தது. ஸ்காட்லாந்துக் கோர்ட்டில் வாதிக்குப் பெயரே துரத்துபவர். அநியாயம் செய்தவன் அல்ல, பட்டவர்.

மாலை. இரண்டு தடவை செருமினான். சிரித்தான் என்றும் தோன்றியது.

ஜூலை 9, வியாழன்
செய்துவிட்டேன். எழுத்தெல்லாம் கோணல்.

மாலையில் சயான் வரை போகாமல் மாட்டுங்காவில் இறங்கினேன். அடுத்த பெட்டி வாசலில் நின்றவன் பதறி இறங்கினான். நான் நகரவில்லை. பத்திரிகைக் கடையைப் பார்த்தபடி நின்றேன். அவனும் நின்றான். கடைசியில் வேறு வழியில்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தான். நான் பின்னால். திரும்பிப் பார்த்தான். வேகம் கூட்டினான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும்.

கீழே மளிகைக்கடை, மேலே வீடுகள். இரண்டாம் மாடி. அவன் அம்மா கதவைத் திறந்தாள். யார் என்று கேட்டாள்.

“தெனமும் சாயங்காலம் உங்க மகன் என்னை எங்க தெருமுனை வரைக்கும் கொண்டுவிடுதாரு. இன்னைக்கி அவரக் கொண்டுவிட நான் வந்தேன்.”

அவன் சுவரைப் பார்த்தபடி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். செருமவில்லை.

அந்த அம்மாள் என் சேற்றுக் காலைப் பார்த்தாள். “வயசுப் பொண்ணு, ஒரு ஆம்பளை பின்னாடி மாடி ஏறி வரலாமோ? வெக்கமா இல்லை?”

கதவைச் சாத்திவிட்டாள்.

கீழே மளிகைக்கடை அண்ணாச்சி தலை தூக்கிப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர். அவர் கடை இந்தக் கட்டடத்தில்தான் என்பது எனக்கு எப்படி மறந்தது?

ஜூலை 10, வெள்ளி
அண்ணாச்சி காலையிலேயே என் அண்ணனின் பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அக்கறையாம். தீ வைக்க வேண்டும் இந்த அக்கறைக்கு.

சோற்றைப் பிசைந்தபடி அண்ணன் கேட்டான். “ஏளா, எவன் பின்னால போன?”

எல்லாம் சொன்னேன். செருமல் உட்பட. அம்மா அழுதாள், வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள். வேலையை விடமாட்டேன் என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

ஜூலை 11, சனி
மழை இல்லை. அரை நாள் ஆபீஸ். கிளம்பியதை யாரும் தடுக்கவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள்.

சயான் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பின்னால் காலடி. அண்ணன். பட்டறை எதிர்த்திசையில். எதற்கு வருகிறாய் என்று கேட்டேன்.

“நீ போ.”

மதியம் திரும்பும்போது மாட்டுங்காவில் கட்டம் போட்ட சட்டை இறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலை நிமிரவில்லை.

சயானில் படிக்கட்டுப் பக்கம் அண்ணன், பீடியுடன். நான் முன்னால். அவன் கொஞ்சம் தள்ளிப் பின்னால். தெருமுனை வரை அப்படியே.

முனையில் அண்ணன் தொண்டையைச் செருமினான்.