என் தலை, என் இஷ்டம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஜெயிலில் கொசு பிடுங்குகிறது என்றாயாம். அம்மாவிடம் போர்வை கொடுத்தனுப்பினேன், உன் கைக்கு வந்ததா? இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். இடது கையால் எழுதுகிறேன், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அது இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலை கடைக்குக் கிளம்பி, சைக்கிளில் தெருமுனை திரும்பினேன். மூன்று வண்டி, ஆறு பேர். ஒருவன் சைக்கிளை எட்டி உதைத்தான். விழுந்தவள் எழுந்திருப்பதற்குள் இன்னொருவன் இரும்புக் கம்பியை ஓங்கி மணிக்கட்டில் ஒரே போடு. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. 'கோர்ட்டுல வாயத் தொறந்தே, அடுத்தது வாயிலதான்' என்றான். ஆறு பேரும் ஹெல்மெட் போட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டிருந்தார்கள். ஹெல்மெட் சட்டம் வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் உன் கூட்டாளிகள் தலையில் ஹெல்மெட்டை நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகம் தெரியக்கூடாதே! குரலை என்ன போட்டு மூடுவார்கள்? கம்பி வைத்திருந்தவன் உன் சிநேகிதன் சைலன்சர். வண்டியிலிருந்து சைலன்சரைக் கழற்றி எறிந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். இந்த வட்டாரத்திலேயே அதிகம் சத்தம் போடுகிறவனும் அவன்தான். நம் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறான்! எத்தனை தடவை என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டிருக்கிறான்!

நீ சொல்லி அனுப்பினாயா என்று கேட்கமாட்டேன். இல்லை என்றுதான் நம்புகிறேன்.

கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை போகவில்லை. லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால், கட்டுப் பிரிக்கும்வரை முன்னால் உட்கார்ந்து ஃபிரேம்களைத் துடைத்து அடுக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அவர் நல்ல மனிதர். எப்படி உடைந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வருகிற புதன்கிழமை என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் வக்கீல் வீட்டுக்கு வந்தார். 'ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்மா. ஏட்டு வண்டிச் சாவியப் புடுங்குனாரு, உங்கண்ணன் தள்ளிவிட்டாரு, அவரு நடுத்திட்டுல மோதி மண்டை உடைஞ்சுது. அவ்வளவுதான்' என்றார். 'நடந்ததத்தான் சொல்லுவேன் சார்' என்றேன். 'கூடப்பொறந்தவன் கழுத்துல நீயே கயித்தப் போடப்போறியா?' என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. தட்டை மட்டும் டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

கோர்ட்டில் நான் சொல்லப்போவதை முதலில் நீ கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு எனக்கு நேரமாகிவிட்டது. நீதான் கொண்டுவிடுகிறேன் என்றாய். உன் ஹெல்மெட் வழக்கம்போல முழங்கையில் தொங்கியது. எனக்கு ஹெல்மெட்டே இல்லை. பாலத்தடியில் ஏட்டு கை காட்டினார். நீ வளைத்துக்கொண்டு போகப் பார்த்தாய். அவர் பாய்ந்து சாவியைப் பிடுங்கினார். வண்டி ஆடி, என் கால் புகைக்குழாயில் பட்டுத் தோல் வெந்தது. 'என் தலை, என் இஷ்டம். உடைஞ்சா நான்தானய்யா சாவேன், உனக்கென்ன?' என்று கேட்டாய். 'நீ செத்தா ரோட்டுலேர்ந்து அள்ளுறவன் நான்டா' என்று கத்திக்கொண்டே அவர் உன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். உதடு கிழிந்து உன் பல்லெல்லாம் ரத்தம். அதைச் சொல்வேன். முதலில் கை நீட்டியவர் அவர்தான். அபராதம் போடத்தான் அவருக்கு அதிகாரம், அறைவதற்கு இல்லை. இதை அழுத்திச் சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்வேன். ஹெல்மெட்டைக் கழற்றி, தாடைப் பக்கத்தைப் பிடித்துச் சுழற்றினாய். முதல் அடி காதுக்கு மேல். தொப்பி பறந்துபோய் விழுந்தது. இரண்டாவது நெற்றிப்பொட்டில், முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டார். வக்கீல் சொல்கிற நடுத்திட்டு அங்கிருந்து பத்தடி தள்ளி இருந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மற்றக் கையைப் 'போதும்' என்பது மாதிரித் தூக்கினார். அப்போது மூன்றாவது. நாலாவது, அவர் அசையாமல் கிடந்தபோது. ரத்தம் என் செருப்புவரை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. கேட்டால் அதையும் சொல்வேன்.

அப்பாவை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். லாரி இடித்தபோது அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, நசுங்கியது நெஞ்சு. ஒரு கீறல்கூட இல்லாத அந்த ஹெல்மெட்டை ஆஸ்பத்திரியில் உன் கையில் கொடுத்தார்கள். 'இது என்னத்தக் காப்பாத்துச்சு?' என்று சுவரில் அடித்து நொறுக்கினாய். உனக்கு அப்போது இருபது வயது. அன்றிலிருந்து நீ போடவில்லை. போடு என்று நானும் சண்டை பிடிக்கவில்லை. போடுவதும் விடுவதும் உன் பாடு என்றிருந்தேன். சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போனபோது, 'என் தலை, என் இஷ்டம்' என்ற அட்டையைப் பிடித்து முன்னால் போன உனக்குக் கைகூடத் தட்டினேன். ஆனால் அந்த ஏட்டுக்கும் ஒரு தலை இருந்தது அண்ணா. அதில் அவருடைய இஷ்டம் என்ன என்று நீ கேட்கவில்லை.

அவரைப் போய்ப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாது. மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்து, வயிற்றுத் தோலுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். பிறகு திரும்பப் பொருத்துவார்களாம். எலும்பு இல்லாத இடம் பள்ளமாகத் துடிக்கிறது. அதனால் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாலே அவருக்கு ஒரு மெத்தை வைத்த ஹெல்மெட்டை மாட்டி வார் கட்டுகிறாள் மனைவி. நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த டம்ளரை என் முகத்தில் வீசினாள். புருவம் கிழிந்தது. நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே துணியை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். 'என்னைய மட்டும் பேரு சொல்லிக் கூப்பிடறாரு. புள்ளைங்க பேரு வரல' என்றாள். 

புதன்கிழமை நான் கூண்டில் ஏறும்போது தலையைக் குனிந்துகொள்ளாதே. என்னைப் பார். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். எழுத்து ஓரளவு நேராக வருகிறது. கை இன்னும் முழுக்க மடங்கவில்லை, மெஷினில் ஒரு நாளைக்கு நாலு லென்ஸ்தான் தேய்க்க முடிகிறது.

அன்றைக்கு உன் வக்கீல் என்னைப் புரட்டி எடுத்தாரே! 'அண்ணனுக்கும் உங்களுக்கும் சொத்துத் தகராறு உண்டா?' என்று கேட்டபோது சிரிப்பே வந்துவிட்டது. சொத்தென்று இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதுவும் இப்போது ஸ்டேஷனில் துருப்பிடிக்கிறது. 'கண்ண மூடிக்கிட்டேங்கறீங்க, அப்புறம் எப்படி எண்ணுனீங்க? மூணா, நாலா?' என்று அவர் மடக்கினார். அப்போதுதான் நீ எழுந்தாய். 'அஞ்சு. அவ கண்ண மூடிட்டா, அஞ்சாவது அவளுக்குத் தெரியாது' என்றாய். வக்கீல் ஃபைலை மூடிவிட்டு உட்கார்ந்தார்.  நான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழு வருஷம். நீ வாயால் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் பத்தாகியிருக்கும் என்றார் அதே வக்கீல். அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதுவிட்டு, 'ரெண்டு பேரையும் இந்த ஒரே வயித்துலதானே சுமந்தேன்' என்று என் தலையைத் தடவினாள். இப்போது பேசுகிறாள்.

ஆனால் தீர்ப்புச் சொன்ன அன்றைக்குக் கோர்ட் வாசலில் நடந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. உன்னை வேனில் ஏற்றும்போது சைலன்சர் கட்டிப்பிடிக்க வந்தான். நீ என் கட்டைப் பார்த்தாய், அவனைப் பார்த்தாய். விலங்கு மாட்டிய இரண்டு கையாலும் அவன் வாயில் இடித்தாய். விலங்கின் விளிம்பு பட்டு உதடு பிளந்தது, இரண்டு பல் படியில் விழுந்தது. மறுபடியும் ஓங்கினாய். நாலு போலீஸ் சேர்ந்துதான் பிரித்தார்கள். 'பாத்தியா, தங்கச்சின்னா உயிரு அவனுக்கு' என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சைலன்சர் ஒரு கையைத் தூக்கினானே, அது பாலத்தடியில் ஏட்டு தூக்கின மாதிரியே இருந்தது. நீ பார்த்தது அவனை. நான் பார்த்தது உன் முகத்தை. இரண்டு நாளும் ஒரே முகம்.

அவன்மேல் நான் புகார் கொடுத்துவிட்டேன். என் கைக்கு நான் பேசிக்கொள்கிறேன். எனக்காக நீ யாரையும் அடிக்க வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு எழுது, திட்டி எழுது, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது.

சின்னவள் பெரியவனை வாழ்த்தக்கூடாது என்பார்கள். போகட்டும், வாழ்த்துகிறேன். இந்த ஏழு வருஷமும் உன் கை எவர்மேலும் ஓங்காமல் இருக்கட்டும். நீ வருகிற அன்று கதவை நான்தான் திறப்பேன் அண்ணா. பயமில்லாமல் திறக்க வேண்டும்.

என்றும் உன் தங்கை