என் முதுகுதான் உன் பக்கம் இருந்தது

ஹார்லன் ஃபால்ஸ், அயோவா
ஜூலை 9

மகன் வெஸ்லிக்கு,

சென்ற செவ்வாய்க்கிழமை, சொந்த ஊர் மைதானத்தில், தெரிந்த முகங்கள் அத்தனைக்கும் முன்னால், பெற்ற தகப்பனை நீ வெளியே அனுப்பினாய். அது அநியாயம். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நான் பேஸ்பால் நடுவர்களைத் திட்டுகிறவன்தான். மறுக்கவில்லை. சினிமாவை விட மலிவான டிக்கெட், செவ்வாய்க்கிழமை ஒரு டாலருக்கு ஹாட்டாக் ரொட்டி, வீட்டிலிருந்து ஒரு பை வேர்க்கடலை. நம் குடும்பத்துக்குக் கோடை விடுமுறை என்றால் இதுதான். திட்டுவதற்குத் தனிக் காசு கிடையாது. என் மடியில் உட்கார்ந்து நீயும் திட்டியிருக்கிறாய்.

ஆனால் நீ நடுவராக நின்ற அன்று வாயைத் திறப்பதில்லை என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறு இன்னிங்ஸ் கல்லாக இருந்தேன். வாசல் காக்கும் மெர்ல் ஏறி வந்து, "என்னப்பா ஓர்வில், உடம்பு கிடம்பு சரியில்லையா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டான்.

ஏழாவதில் முழங்காலுக்குக் கீழே போன பந்தை ஸ்ட்ரைக் என்றாய். அது ஸ்ட்ரைக் இல்லை; முழங்காலுக்கு மேலே வந்தால்தான் அது செல்லும் பந்து. அப்போதும் நான் பேசவில்லை. எனக்குப் பின்வரிசையில், அலுவலகக் கும்பலோடு ஓசி டிக்கெட்டில் வந்த ஒருவன்தான் எழுந்தான். "யோவ் அம்பயர்! கண்ணாடிய மோட்டல்ல மறந்துட்டு வந்துட்டியா? ஒன்னப் பெத்தவனும் குருடனாய்யா?" என்றான்.

எழுந்தேன். "வாய மூடுடா குருட்டுப் பயலே! ஆட்டம் பாக்கத் தெரியாத ஒனக்கு வாய் வேறயா?" என்று கத்தினேன். நீ முகமூடியைக் கழற்றி, வெளியே போ என்று என்னை நோக்கிக் கை காட்டினாய்.

இப்போது யோசி. நடுவரைத் திட்டுகிறவன் நடுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டா திட்டுவான்? என் முதுகுதான் உன் பக்கம் இருந்தது. அதைக்கூடப் பார்க்காத நீ பந்தை எப்படிப் பார்ப்பாய்?

மெர்ல் என் கையைப் பிடித்து, "வாப்பா, மகன் சொல்லிட்டான்ல" என்றான். அந்த வரிசையே சிரித்தது. உன் அம்மா என்னோடு வரவில்லை. ஆட்டம் முடியும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாள். நான் வண்டியில் உட்கார்ந்து மீதியை ரேடியோவில் கேட்டேன். எட்டாவதில், ஓட்டத்தை முடிக்க வீட்டுத் தளத்துக்கு ஓடிவந்தவனுக்கு நீ கொடுத்த அவுட் சரி என்று ரேடியோக்காரன் சொன்னான். சத்தத்தை வைத்தே எனக்கும் அது தெரிந்தது.

நீ அன்றிரவே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டாய். உனக்காக அடுப்பில் சுட்ட ருபார்ப் 'பை' பலகாரம் மூன்று நாள் அப்படியே மேசையில் இருந்தது. உன் அம்மா யாரையும் தொடவிடவில்லை. உன் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுகிறாள்.

ஆகஸ்டில் உனக்கு மறுபடி இங்கே ஆட்டம் இருக்கிறதாம். ஆகையால் நடக்கவேண்டியது இது. மோட்டலில் தங்காமல் நீ வீட்டுக்கு வரவேண்டும். அம்மா வேறு ருபார்ப் பை சுடுவாள். பின்வரிசையில் எவனும் வாலாட்டாமல் மெர்ல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே வருவதை நீ ஸ்ட்ரைக் என்று சொல்லக்கூடாது. சொன்னால், இந்த முறை உன்னைப் பார்த்தே கத்துவேன். நான் கத்திக்கொண்டிருக்கும்வரை திரும்பாதே, உன் வேலையைப் பார்.

என் குரல் கேட்காத அன்றைக்கு மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் தளப் பக்கம் மேலே, நான் உட்காரும் இடத்தை ஒரு முறை பார்.

உன் அப்பா
ஓர்வில் ஸ்டக்கி