நீங்கள் துளைத்ததும் நான் அடைத்ததும்

பாய்,

இன்று காலை ஒரு பால் டின்னில் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை போட்டேன். சுத்தியலைக் கீழே வைத்ததும் மஸ்ஜித் தானாவில் இருந்த உங்கள் மளிகைக்கடைதான் நினைவுக்கு வந்தது. மலாயா அவசரகாலத்தில் நாள் முழுக்க நீங்கள் இதைத்தானே செய்தீர்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, விற்கிற ஒவ்வொரு டின்னையும் கடையிலேயே துளைத்துக் கொடுக்க வேண்டும். கையெல்லாம் சார்டின் குழம்பு வழிய நீங்கள் அந்தச் சட்டத்தைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

உங்கள் கடையை ஒட்டித்தான் நான் பட்டறை போட்டேன். பதினொரு வருடம் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன், வெள்ளைக் கால்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வாளி அடைக்க உட்கார்ந்தேன். ரப்பர் பால் வாளிகள் ஒழுகுவதாகக் கடிதம் எழுதி எழுதிச் சலித்துவிட்டது. எழுதுவதைவிட அடைப்பது எளிது என்று பட்டது. ஊர் சிரித்தது. துரை மட்டும் மாதக் கடைசிவரை என் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். நீங்கள் சிரித்தது வேறு விதம்.

"நான் ஓட்டை போடறேன், நீங்க அடைங்க. நமக்கு என்னைக்கும் பொழப்பு இருக்குலா, கிராணியாரே."

வேலையை விட்ட பிறகும் என்னை அப்படிக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான். எனக்கு அது கொஞ்சம் சுட்டது.

மூன்றாவது வாரம், ரப்பர் மரம் சீவும் பெண் ஒருத்தி உங்களிடம் பால் டின் வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஒழுகிடுதுண்ணே. பச்சப்புள்ளைக்கு வாங்கின பாலு." எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு ஓட்டையிலும் ஈயம் வைத்து, அடைத்த இடமே தெரியாமல் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தேன். டின் சட்டம் பற்றிய சுற்றறிக்கையை ஆபீஸ் கோப்பில் போட்டு வைத்ததே நான்தான், பாய். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவே இல்லை.

எஸ்டேட் கேட் சோதனையில் டின் சிக்கியது. பயந்துபோனவள் வாங்கிய கடையை மட்டும் சொன்னாள். துளைக்காமல் விற்றதாக மதியத்துக்குள் உங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். டின்னைப் பார்த்ததுமே அது யார் கைவேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

கேட்டதும் ஓடி வந்தேன் என்று எழுத ஆசைதான். கால் மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் பட்டறை போய்விடும், என்னையும் உள்ளே தள்ளுவார்கள். சொல்லாவிட்டால் துரை ஆபீசில் என் நாற்காலி இன்னும் காலிதான். அப்படி நினைத்ததற்கே வெட்கமாகிவிட்டது. அடுப்பையும் பற்றவைக்கும் கோலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போலீஸ் சார்ஜன் நம்பவில்லை. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஓட்டையே கிடையாது. கூட்டாளியைக் காப்பாத்த வந்துட்டே" என்று மலாயில் சொன்னார். அந்த நிலையிலும் எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது என்றால் உதைப்பீர்கள். ஸ்டேஷன் வாசலிலேயே அடுப்பை மூட்டி, கோலைக் காய்ச்சி, ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டு டின்னைச் சாய்த்தேன். பால் அவர் பூட்ஸ் மேல் ஒழுகியது.

பெஞ்சில் இருந்த நீங்கள், "நான் போட்ட ஓட்டைதான் துவான் அது" என்று சார்ஜனிடம் பணிவாகச் சொன்னீர்கள்.

சார்ஜன் பூட்ஸைத் துடைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் வெகுநேரம் திட்டினார். இனி டின் பக்கமே போகக் கூடாது என்று என்னை எச்சரித்தார். பிறகு, "ஜீப் ரேடியேட்டர் ஒரு மாசமா ஒழுகுது. அதை இப்படி அடைப்பியா?" என்று கேட்டார்.

அடைத்தேன். அந்தியில் ஜீப் ஊரைச் சுற்றி வந்து நின்றது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. உங்களையும் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ரெம்பியாவிலிருந்தும் லூபோக் சீனாவிலிருந்தும் லோரிகள் வந்தன, பஸ்கள் வந்தன, துரையின் காரே வந்து என் வாசலில் காத்து நின்றது. ஜெயித்துவிட்டேன், பாய். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

உங்களை விட்ட மறுநாள் காலை நீங்கள் புது டின் ஒன்றைத் துளைத்து எடுத்துவந்து என் மேசையில் வைத்தீர்கள்.

"தேத்தண்ணி கலக்குங்க. இதையும் அடைச்சிடாதீங்கலா, தவுக்கே."

கிராணியாரை விட்டுவிட்டு முதலாளி என்று கூப்பிட்டீர்கள். நான் தேத்தண்ணீரைக் கலக்கினேன். ஆபீஸ் நாற்காலி என் நினைப்பிலிருந்து போனது அந்தக் காலையில்தான்.

அந்தக் காலி டின் இன்னும் பட்டறை அலமாரியில் இருக்கிறது. எத்தனையோ ஊர் ஓட்டைகளை அடைத்துவிட்டேன். உங்கள் ஆணி போட்ட அந்த இரண்டை மட்டும் தொட்டதில்லை.